பின்கதவுக்குப் பின்னால் சுவர்

துளசிங்கத்துக்கு உலகத்தில் இரண்டு விஷயம் ஆகவே ஆகாது. ஒன்று, தன் பள்ளிக்கூடத்தை யாராவது குறை சொல்வது. இன்னொன்று, தம்பி குப்புராஜின் பெயரைத் தன் காதில் விழும்படி யாராவது உச்சரிப்பது. இரண்டும் ஒரே நாளில், அதுவும் காக்கி உடுப்பு போட்ட ஒரு அம்மாளால் நடக்கும் என்று எந்த ஜோசியக்காரனும் அவருக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் ராஜகீழ்ப்பாக்கத்தில், மாடம்பாக்கம் போகிற சாலையில் இருக்கிறது. துளசிங்கம் எட்டாவதைத் தாண்டாதவர். குடும்பத்து நெல்வயலெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில், கல்யாண மண்டபம் கட்டு, காசு கொட்டும் என்று ஊரே சொன்னது. மனுஷன் கேட்கவில்லை. அப்பா பெயரில் பள்ளிக்கூடம்தான் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டினார். கரஸ்பாண்டென்ட் என்கிற சொல்லை அவர் நாக்கு இன்றுவரை முழுசாகச் சொன்னது கிடையாது. ஆனால் எந்த வகுப்பில் எந்த ஃபேன் கிறீச்சிடுகிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

வருஷா வருஷம் தீயணைப்பு நிலையத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள். அவர்கள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. அங்கீகாரம் இல்லாவிட்டால் அப்பா பெயர் போட்ட பலகையை இறக்க வேண்டியதுதான். அதனால் சோதனை என்றால் துளசிங்கம் ஒரு வாரம் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். மணல் வாளிகளுக்குச் சிவப்புச் சாயம், தீயணைப்பு சிலிண்டர்களுக்குத் துடைப்பு, மாடிப்படியில் கிடக்கும் உடைந்த பெஞ்சுகளுக்கு நாடு கடத்தல். வாளிக்கு மணல் மட்டும் மேடவாக்கத்திலிருந்து வரவழைத்தார். பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு கடையில் மணல் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. ஆனால் அது குப்புராஜின் கடை. தம்பி கடை மணலை அள்ளுவதற்கு, வாளியில் சோற்றைக் கொட்டி வைக்கலாம் என்றார்.

இந்த அண்ணன் தம்பி கதையைச் சொல்லியாக வேண்டும். பாகப்பிரிவினையில் சாலை ஓரத்து முன்பாதி அண்ணனுக்கு, பூர்வீக வீடு இருக்கிற பின்பாதி தம்பிக்கு என்று ஆயிற்று. அப்போது இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். பள்ளிக்கூடத்துக்கு அவசரத்துக்கு இறங்க இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்றபோது, அதன் கதவைத் தம்பி நிலத்துப் பக்கம் திறக்கிறமாதிரி வைத்தார்கள். "யாரு எடம் இது, நம்ம எடம்தானே" என்று சொன்னதே குப்புராஜ்தான். ஒவ்வொரு வருஷமும் சோதனையின்போது பிள்ளைகள் அந்தக் கதவு வழியாகத் தம்பி வீட்டு முற்றத்துக்குத்தான் ஓடி வருவார்கள். குப்புராஜின் மனைவி அண்டா நிறைய மோர் கலக்கி வைத்திருப்பாள்.

எல்லாம் போன ஆடி வரைக்கும்தான். எல்லையம்மன் கோயில் கூழ் வார்க்கும்போது கரகம் ஊர்வலமாக வரும். அது முதலில் நிற்பது இவர்கள் குடும்பத்து வாசலில்தான். மரியாதை அப்படி. போன வருஷம் துளசிங்கம் சாலையோரம் புதுவீடு கட்டிக் குடிபோயிருந்தார். கரகம் மூத்தவன் வீட்டு வாசலில் நிற்பதா, பூர்வீக வீட்டு வாசலில் நிற்பதா? பிடித்தது வினை. பூசாரி தலையில் கரகத்தோடு நடுத்தெருவில் நிற்க, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கடைசியில் கரகம் இரண்டு வாசலிலும் நிற்காமல் மூன்றாமவன் வாசலில் போய் நின்றது. ஊர் சிரித்தது. அந்த எரிச்சலில் துளசிங்கம், "என் எச்சி சோத்தத் தின்னு வளந்த நாயி" என்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டார். அதே வாரம் குப்புராஜ் தன் கடைச் செங்கல்லையே எடுத்து, பள்ளியின் பின்கதவுக்கு நேராக ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டான். கதவைத் திறந்தால் ஒரு எட்டு வைக்கலாம். அடுத்த எட்டு செங்கல்லில்தான். அப்புறம் தை மாதத்தில் தம்பி மகள் கல்யாணம் நடந்தது. பெரியப்பா போகவில்லை. மேளச் சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்டது.

கதவுக்கு மேலே மட்டும் பச்சை விளக்கு போட்ட 'அவசர வழி' போர்டு பளபளவென்று எரிந்துகொண்டே இருந்தது.

சுவர் எழுந்தபிறகு வருகிற முதல் சோதனை இது. துளசிங்கம் ஒரு உபாயம் செய்திருந்தார். கதவில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம் என்று பேச்சு. வாட்ச்மேன் ஊருக்குப் போய்விட்டார். அவரைப் போகச் சொன்னதே துளசிங்கம்தான்.

வந்தவர் புது நிலைய அலுவலர் சந்திரிகா. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டவர். நாற்பதைத் தொடுகிற வயசு. இளநீர் நீட்டினால் "அப்புறம்" என்றார். நாற்காலி போட்டால் "அப்புறம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. சிலிண்டர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். வாளி மணலில் கையை விட்டு அளைந்தார். சமையல்கூடத்தில் கேஸ் டியூபை விரலால் மடக்கிப் பார்த்து, "மாத்துங்க" என்றார். அதட்டல் இல்லை, சிரிப்பும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் செய்ததைத்தான் துளசிங்கம் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். முதல் மாடி வராந்தாவின் கோடியில் போய், தொப்பியைக் கழற்றித் தலைமையாசிரியை தபீதாளிடம் கொடுத்துவிட்டு, தரையில் மண்டியிட்டார். இஸ்திரி போட்ட காக்கிப் பேன்ட்டோடு, குழந்தைபோல நாலு காலில் தவழ ஆரம்பித்தார். வகுப்பறை ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. நடுவில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடியும் தவழ்ந்தார்.

"இன்னா மேடம் இது?" என்றார் துளசிங்கம்.

"புகை மேலதான் சார் நிக்கும். கீழதான் மூச்சு விட காத்து இருக்கும். அப்போ நம்ம பசங்க இப்படித்தான் வருவாங்க. இந்த உசரத்துலர்ந்து பாத்தா வழி தெரியுதான்னு நான் பாக்க வேணாமா?" எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அங்க அந்த அலமாரி இடிக்குது. எடுத்துருங்க."

அந்த 'நம்ம பசங்க' துளசிங்கத்தை என்னவோ செய்தது. இந்தப் பள்ளியில் இவள் பிள்ளையா படிக்கிறது? அட, இவளும் ஒரு பொம்பளை, இதுவும் ஒரு உத்தியோகம் என்று காலையில் நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. சந்திரிகா பின்படிக்கட்டில் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

கீழே கதவு. மேலே பச்சை போர்டு. நடுவில் பூட்டு.

"சாவி?"

"வாட்ச்மேன் கைல கீது மேடம். அவரு ஊருக்குப் பூட்டாரு. மெனக்கெடாதீங்க, இது நல்ல கதவுதான், தேக்கு."

"சரி சார்." சந்திரிகா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். "வரட்டும். வெயிட் பண்றேன்."

"ஊரு திண்டிவனத்தாண்ட மேடம்."

"பரவால்ல."

அந்தப் 'பரவால்ல'வில் ஒரு நிதானம் இருந்தது. விழுப்புரமே என்றாலும் உட்கார்ந்திருப்பார் போலிருந்தது. துளசிங்கம் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்தே சாவியை எடுத்து நீட்டினார். சந்திரிகா வாங்கித் திறந்தார். உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறமாதிரி கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"அந்தப் பக்கம் யாரு?"

துளசிங்கம் கூரையைப் பார்த்தார்.

"கரஸ்பாண்டென்ட் சாரோட தம்பி, மேடம்," என்றார் தபீதாள் டீச்சர். "குப்புராஜ்னு பேரு. ஃபேமிலி மேட்டர்."

"இன்னா ஃபேமிலி?" துளசிங்கம் வெடித்தார். "எவன் தம்பி? எனக்குத் தம்பியே கெடயாது!"

சந்திரிகா அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "சார், நீங்க நல்லவர். அந்தக் கிச்சன் சுத்தத்தப் பாத்தாலே தெரியுது. ஆனா மேல ரெண்டு மாடிலயும் பசங்க இருக்காங்க. முன்படிக்கட்டுல நெருப்புன்னா எல்லாரும் இங்கதான் இறங்கி வரணும். இறங்கி வந்து?" என்று சுவரைத் தட்டினார். "ஆடி முடியறதுக்குள்ள நான் ஒத்திகை நடத்த வரேன். அதுவரைக்கும் மாடில ஒரு வகுப்பும் வேணாம், எல்லாத்தையும் கீழ இறக்கிடுங்க. சுவர் போனாத்தான் சான்றிதழ். அப்புறம் இந்த போர்ட இன்னிக்கே கழட்டிருங்க சார். இல்லாத வழியக் காட்டற போர்டு ரொம்ப ஆபத்து."

துளசிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாடி வகுப்புகளை அன்று மத்தியானமே இறக்கினார். மைதானத்தில் ஷாமியானா, சைக்கிள் ஷெட்டில் ஒரு வகுப்பு, பின்படிக்கட்டின் அடியிலிருந்த பெரிய ஸ்டோர் ரூமைக் காலி செய்து அதில் நாலாம் வகுப்பு. ஷாமியானாவை மழைக்கு ஒழுகாமல் தானே நின்று பார்த்துக் கட்டினார். போர்டை மட்டும் கழற்றவில்லை. எலெக்ட்ரீஷியன் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றபோது, "இருக்கட்டும் வுடு" என்று அனுப்பிவிட்டார். அதைக் கழற்றினால் சுவர் ஜெயித்தமாதிரி. தம்பிக்கு அந்த போர்டு கண்ணிலேயே படாது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பங்காளி ரோஷம் என்பது இப்படித்தான், எவன் பார்க்கிறானோ இல்லையோ, தான் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"போயி ஒரு வார்த்த கேளேன்," என்றாள் மனைவி பச்சையம்மா. "கூடப் பொறந்தவன்தானே. வாயில இன்னா கொழுக்கட்டயா?"

"நானா? நான் பெரியவன்."

"அப்ப பெரிய மனுசனா போயி கேளு. நாளைக்கு இஸ்கூல மூடிட்டு, வாசல்ல உக்காந்து ஈ ஓட்டும்போதும் நீ பெரியவனாத்தான் இருப்ப."

ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் துளசிங்கம் போகத்தான் செய்தார். நேர்வழியில் சுவர் இருப்பதால் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குப்புராஜ் கடை வாசலில் சிமென்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. போன ஆடியில் இது இல்லையே என்று அண்ணனுக்குத் தோன்றியது. இருவர் கண்களும் சந்தித்தன. குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடை ஆளிடம் சத்தமாகச் சொன்னான்:

"வந்தவங்களுக்கு இன்னா வோணும்னு கேளு."

வந்தவங்க! முன்பின் தெரியாதவனைக் கேட்கிறமாதிரி. வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தையைத் துளசிங்கம் அங்கேயே விட்டார். "ஒண்ணும் வோணாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். பச்சையம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

ஒத்திகை நாள் வந்தது. சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குத் தேர் வந்தமாதிரி ஆகிவிட்டது. சந்திரிகா முந்தின நாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நடந்து போய், நாளைக்குப் புகை வரும், சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். குப்புராஜ் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. மனைவி மகளைப் பார்க்கப் போயிருந்தாள், அவன் செங்கல் எடுக்கச் செங்கல்பட்டுப் பக்கம் போயிருந்தான். பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

மைதானத்தின் நடுவில் தகர டிரம்மில் ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். புகை திரண்டு எழுந்து, கடற்காற்றில் சாய்ந்து, பள்ளிக்குப் பின்பக்கமாகப் போயிற்று. மணி விடாமல் அடித்தது. வகுப்புகள் வரிசையாக வெளியே வந்தன. ஒருவர் தோளில் ஒருவர் கை. ஒரு கூச்சல் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. எல்கேஜி வாண்டுகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து வந்தன. அதைப் பார்க்கப் பார்க்கத் துளசிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. என் பிள்ளைங்கடா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

டீச்சர்கள் தலை எண்ணினார்கள். தபீதாள் டீச்சர் முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தார்.

"சார், நாலாம் வகுப்பு வரலை."

நாலாம் வகுப்பு எங்கே போயிற்று என்று சந்திரிகாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. துளசிங்கத்துக்கும்தான். எல்கேஜியிலிருந்து இந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. மணி அடித்தால் புத்தகத்தை விடு, பையை விடு, பச்சை போர்டைப் பார், அதைப் பிடித்துப் போ. வருஷா வருஷம் சோதனைக்கு வருகிறவர்கள் முன்னால் பாட்டாகவே பாடிக் காட்டுவார்கள். மற்ற வகுப்புகளுக்கு அந்த போர்டு கண்ணில் படவில்லை. ஸ்டோர் ரூமுக்கு வந்த நாலாம் வகுப்புக்குத் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் டீச்சர் ஷர்மிளா இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். வரிசையின் கடைசியில் வந்தவருக்கு, முன்னால் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை.

சந்திரிகா ஓடினார். வேட்டி தடுக்கத் தடுக்கத் துளசிங்கமும் ஓடினார்.

பின்கதவு திறந்திருந்தது. அன்றைக்குத் திறந்த கதவை யாரும் மறுபடி பூட்டவில்லை. முன்னால் போன பிள்ளைகள் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கியடித்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் தோளில் வைத்த கையை எடுக்காமல், சொல்லிக் கொடுத்தபடியே, முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் புகை சந்துக்குள் இறங்கியிருந்தது. வகுப்புத் தலைவி கோகிலவாணி, இரட்டைச் சடைக்காரி, இரண்டு கையாலும் செங்கல் சுவரைப் படபடவென்று அடித்து, "தெறங்க! தெறங்க!" என்று அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் அழ ஆரம்பித்தன.

துளசிங்கம் கதவோரமே நின்றுவிட்டார். ஐயோ, நான்தானே, நான்தானே என்று மட்டும் உள்ளே ஓடியது.

"அப்படியே நில்லுங்க கண்ணுங்களா!" சந்திரிகாவின் குரல் உயரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கடைசில நிக்கறவங்க திரும்புங்க. டீச்சர் பின்னாலயே போங்க. ஆ, அப்படித்தான். என்னா சமத்து!" வரிசை வாலிலிருந்து கரைய ஆரம்பித்தது. அவர் சந்துக்குள் புகுந்து, கோகிலவாணியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது ஒரு இடி.

தொடர்ந்து இன்னொன்று. செங்கல் அதிர்ந்து காரை உதிர்ந்தது. சந்திரிகா மிச்சமிருந்த பிள்ளைகளை வாரிக் கதவுக்கு உள்ளே தள்ளிவிட்டு, "யாரது? இடிக்காதீங்க! இது டிரில்!" என்று கத்தினார். கேட்கிற நிலையில் அந்தப் பக்கம் யாரும் இல்லை. கடப்பாரை விழுகிற சத்தமும், ஒரு ஆளின் மூச்சிரைப்பும்தான் கேட்டன. நடுவில் ஒரு செங்கல் பெயர்ந்து இந்தப் பக்கம் விழுந்தது. பிறகு மூன்று. பிறகு ஒரு பாளமாக. ஓட்டைக்குள்ளிருந்து, சிமென்ட் தூசியும் ரத்தமுமாக, ஒரு கை நீண்டது.

"புள்ளைங்களக் குடு! ஒவ்வொண்ணா குடு, நான் வாங்கிக்கிறேன்! சீக்கிரம்!"

குப்புராஜ்தான். செங்கல் லோடோடு வந்து இறங்கியவன் பள்ளிப் பக்கம் புகையைப் பார்த்திருக்கிறான். சுவருக்குப் பின்னால் குழந்தைகள் அழுவது காதில் விழுந்திருக்கிறது. அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை. ஓட்டைக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தவன் எதிரே அண்ணனைக் கண்டான்.

"அண்ணா! இன்னா மரம் மாதிரி நிக்கற? புள்ளைங்க எங்க? வெளிய வந்துச்சா எல்லாம்? சொல்லேன்!"

துளசிங்கம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

சந்திரிகாதான் பதில் சொன்னார். "எல்லாரும் பத்திரமா இருக்காங்க அண்ணா. நெருப்பு இல்ல. ஒத்திகை இது. புகை மட்டும்தான். நேத்தே சொல்ல வந்தேன், வூடு பூட்டியிருந்தது."

குப்புராஜுக்குப் புரிய நேரமாயிற்று. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, உடைந்த செங்கல் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தான். கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், சந்திரிகா இடுப்பிலிருந்து விசும்பிக்கொண்டிருந்த கோகிலவாணியைப் பார்த்தான். "ஒத்திகயா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

துளசிங்கத்துக்குத் தம்பியைத் தெரியும். அவனும் அதே ரத்தம், அதே ரோஷம். இத்தனை பேர் முன்னால் ஏமாந்து நின்றோமே என்று இப்போது பொங்குவான். என்னை அண்ணா என்று கூப்பிட வைக்கத்தான் இந்த நாடகமா என்று கேட்பான். நாளைக்கே இரட்டை வரிசைச் சுவர் எழும்பும். அதைத் தடுக்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தவித்தார்.

"போர்ட நான்தான் கழட்டல," என்றார். வந்த வார்த்தை அதுதான். "மேடம் கழட்டச் சொன்னாங்க. நான்தான் வுட்டேன். புள்ளைங்க அதப் பாத்துத்தான் இங்க வந்துச்சு. தப்பு என்னுது குப்பு."

"அது என் தப்பும்தான் சார்," என்றார் சந்திரிகா. "சொல்லிட்டுப் போனேன். நின்னு கழட்டிட்டுப் போயிருக்கணும். கதவப் பூட்டினாங்களான்னும் பாக்கல. நாலாம் வகுப்ப எங்க உக்கார வச்சீங்கன்னு ஒத்திகைக்கு முன்னாடி நான் ஒரு நடை வந்து பாத்திருக்கணும்." அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் யார் முகத்தையும் தவிர்க்கவில்லை. அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் நின்று என் தப்பு என்று சொல்லித் துளசிங்கம் பார்த்ததே இல்லை.

குப்புராஜ் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்தான். ஓட்டைக்குள் கையை விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜாண் வைத்துப் பார்த்தான்.

"இதுல ஒரு புள்ளதான் வர முடியும்," என்றான். "நெஜமாலுமே பத்திக்கினா இது பத்தாதே. மேடம், எவ்ளோ அகலம் வோணும்?"

"கதவு முழுசா வெளிப்பக்கம் தெறக்கணும் அண்ணா. அங்கேர்ந்து ரோடு வரைக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"ரோடு வரைக்கும் என் செங்கல்லுதான் கீது." தலையைச் சொறிந்தான். "அப்ப சுவரு, கல்லு எல்லாத்தயும் எடுக்கணும். ஆளுங்க எல்லாம் இன்னிக்கு லீவு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன், கூட ஒரு ஆளு கை குடுத்தா."

சொல்லிவிட்டுக் குனிந்து கடப்பாரையை எடுத்தான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. துளசிங்கம் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தபீதாள் டீச்சர் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஓட்டைக்குள் குனிந்து, தம்பி நீட்டிய கையைப் பிடித்து அந்தப் பக்கம் போனார்.